பாக்கிப் பணம், வட்டி, கோர்ட் செலவு: சென்னை வியாபாரிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தம்புச் செட்டி தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் என் வக்கீல் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் பாக்கி வசூலாகாதவர்கள். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், கோடவுன் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்பவர், ஓ.எம்.ஆர். அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவர் என்று பலரும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்ததும் சொல்வது, "அசல் வந்தா போதும் சார்."

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனது கஷ்டமாகிவிடும். அந்த அசலைப் போட அவர் வங்கிக்கு ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன்) வட்டி கட்டியிருப்பார், இல்லையென்றால் வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கும். வட்டி அவருக்குச் சட்டப்படி சேரவேண்டிய பணம். கேட்டால்தான் வரும், அதுவும் சரியான தாளில் எழுதிக் கேட்டால்தான் வரும். அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். உங்கள் வழக்குக்கென்று தனியாக ஒரு வக்கீலைக் கலந்துகொள்ளுங்கள். பேசப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை இங்கே இருக்கின்றன.

பில்லில் வட்டி பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. இருந்தும் வட்டி கேட்கலாமா?

கேட்கலாம். சரக்கு விற்ற பாக்கி என்றால் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. வட்டி பற்றித் தனி ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்தோ விலை தரவேண்டிய நாளிலிருந்தோ நியாயமான விகிதத்தில் வட்டி தர நீதிமன்றத்துக்கு அது அதிகாரம் கொடுக்கிறது.

கூலி வேலை, பழுது பார்த்தது, அச்சடித்துக் கொடுத்தது, ஆள் அனுப்பியது போன்றவற்றுக்கு 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவில் இரண்டு வழி. "இந்தத் தேதியில் பணம் தரவேண்டும்" என்று எழுத்தில் இருந்தால், அந்தத் தேதியிலிருந்து வட்டி. அப்படி எழுத்து இல்லையென்றால், "வட்டி கோருவேன்" என்று நீங்கள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதில் குறிப்பிடும் தேதியிலிருந்து வட்டி.

இந்த இரண்டாவது வழியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பவுடர் கோட்டிங் வேலை செய்கிற ஒருவர் மஞ்சள் பை நிறைய பில்களோடு வந்தார். இரண்டு வருஷம் முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். ஒப்புகை அட்டை கூட பத்திரமாக இருந்தது. நோட்டீசை விரித்துப் படித்தால், அசல் தொகை மட்டும்தான் கேட்டிருக்கிறது. வட்டி என்ற சொல்லே இல்லை. பில்லிலும் தவணை நாள் இல்லை. அந்த இரண்டு வருஷ வட்டிக்கு அவரிடம் பிடிமானமே இல்லை. வழக்குப் போட்ட நாளிலிருந்துதான் அவருக்கு வட்டி கிடைத்தது. நோட்டீசில் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

"மேற்படி தொகைக்கு 2024 ஆகஸ்ட் 16 முதல் செலுத்தும் நாள் வரை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி கோருகிறோம். இது 1978-ஆம் ஆண்டு வட்டிச் சட்டம் 3-ஆம் பிரிவின்படியான அறிவிப்பும் ஆகும்."

நோட்டீசைப் பதிவு, ஒப்புகை வசதியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தபால் ரசீதைத் தனியாக வைக்காமல் நோட்டீஸ் நகலோடு சேர்த்தே பின் அடித்துவிடுங்கள். எத்தனையோ கோப்புகளில் அந்தச் சின்னச் சீட்டு மட்டும் காணாமல் போயிருக்கும்.

எங்கள் வியாபாரத்தில் "ஒரு ரூபாய் வட்டி", "ரெண்டு ரூபாய் வட்டி" என்றுதான் பேச்சு. கோர்ட் அதை ஏற்குமா?

நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, ரெண்டு ரூபாய் என்றால் 24. கோர்ட்டில் எல்லாம் ஆண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள், ஆகவே நோட்டீசிலும் வழக்கிலும் ஆண்டு விகிதமாகவே எழுதுங்கள்.

வாய்ப் பேச்சாகச் சொன்ன விகிதத்தை நிரூபிப்பது கஷ்டம். எழுத்தில் இருவரும் கையெழுத்திட்டது வலுவானது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் "தாமதமானால் 24 விழுக்காடு வட்டி" என்று நீங்களே அச்சடித்திருப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். எதிர்த் தரப்பு அந்த பில்லை ஆட்சேபிக்காமல் வாங்கி, அதே மாதிரி பில்களுக்கு முன்பு வட்டியும் கட்டியிருந்தால் நல்ல வாதம் உண்டு. வெறும் அச்சு மட்டும் என்றால், "நாங்கள் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை" என்று அவர்கள் சொல்வார்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே அந்த வரி ஏறுமாறு ஆரம்பத்தில் கேட்டு வாங்கிவிடுவதுதான் நல்லது.

எழுத்திலேயே இருந்தாலும் விகிதம் தண்டனை போல இருந்தால் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் குறைக்கலாம். ஒன்பது சதவீதமாக இருந்த வட்டி தவணை தவறியதும் முப்பத்தாறாக ஏறும் என்பது போன்ற ஷரத்துகள் இந்தப் பிரிவில் சிக்கும். ஒப்பந்தமே இல்லாமல் வட்டிச் சட்டத்தை மட்டும் நம்பி வந்தால், வங்கிகள் வைப்புத் தொகைக்குக் கொடுக்கும் உச்ச வட்டி வரைதான் போக முடியும். அது நீங்கள் வெளியில் கட்டும் வட்டியை விடக் குறைவு.

கந்து வட்டிச் சட்டம் தன் மேல் பாயுமோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் கடன் கொடுத்துக் கொடும் வட்டி பிடுங்குவதைத் தடுக்க வந்தது. சரக்கு போட்டுவிட்டு, தாமதத்துக்கு நியாயமான வட்டி கேட்பது வேறு விஷயம்.

வழக்குப் போட்டால் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வட்டி ஓடும்?

இதை நிதானமாகப் படியுங்கள். வட்டி மூன்று துண்டாக ஓடும், ஒவ்வொரு துண்டுக்கும் விதி தனி. சிவில் நடைமுறைச் சட்டம் 34-ஆம் பிரிவு இதற்கு ஆதாரம்.

முதல் துண்டு, பணம் தரவேண்டிய நாளிலிருந்து வழக்குத் தாக்கல் செய்யும் நாள் வரை. இதற்கு ஒப்பந்தமோ, வியாபார வழக்கமோ, மேலே சொன்ன சட்டங்களோ வேண்டும். நீதிபதி விருப்பப்படி தரக்கூடியதல்ல.

இரண்டாவது, வழக்கு நடக்கும் காலம். இங்கே "நியாயமான விகிதம்" என்று நீதிமன்றம் எதை நினைக்கிறதோ அது. ஒப்பந்த விகிதத்தையே தரலாம், குறைக்கவும் செய்யலாம்.

மூன்றாவது, தீர்ப்பு நாளிலிருந்து பணம் கைக்கு வரும் வரை. பொது விதிப்படி இதற்கு ஆண்டுக்கு 6 விழுக்காடுதான் உச்சவரம்பு. ஆனால் கடன் வணிக நடவடிக்கையில் உண்டானது என்றால் 6-க்கு மேலேயும் தரலாம். ஒப்பந்த விகிதம் இருந்தால் அது வரை, இல்லையென்றால் தேசியமய வங்கிகள் வணிகக் கடனுக்கு வாங்கும் விகிதம் வரை.

வணிக நடவடிக்கையா என்பதைக் கடன் பட்டவர் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்கிறது சட்டம். ஒரு சமையல்காரர் கம்பெனி கேண்டீனுக்குச் சாப்பாடு போட்ட பாக்கியும், மயிலாப்பூரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி போட்ட பாக்கியும் அவருக்கு ஒரே தொழில்தான். ஆனால் கல்யாண வீட்டுக்காரருக்கு அது தொழில் இல்லை. ஆகவே அந்தப் பாக்கிக்குத் தீர்ப்புக்குப் பின் 6-ஐத் தாண்டாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அட்டைப் பெட்டி சப்ளை செய்தவருக்கு 5,00,000 ரூபாய் பாக்கி. பர்ச்சேஸ் ஆர்டரில் 12 விழுக்காடு வட்டி எழுதியிருக்கிறது. தரவேண்டிய நாள் 2021 ஏப்ரல் 1, வழக்கு 2023 ஏப்ரல் 1, தீர்ப்பு 2025 ஏப்ரல் 1, பணம் வந்தது 2025 அக்டோபர் 1. முதல் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தப்படி 1,20,000. வழக்குக் காலத்துக்கு நீதிமன்றம் 9 கொடுத்தால் 90,000. தீர்ப்புக்குப் பின் 6 என்றால் அரை வருஷத்துக்கு 15,000. ஆக வட்டி 2,25,000. மூன்று கட்டத்துக்கும் 12 கிடைத்திருந்தால் 2,70,000. இந்த 45,000 வித்தியாசம் பெரும்பாலும் வாதத் திறமையால் வருவதில்லை. கோரிக்கையில் மூன்று கட்டத்தையும் தனித்தனியாகக் கேட்டோமா, இது வணிகக் கடன் என்று வழக்குரையில் (வழக்குத் தொடுக்கும் மனுவில்) எழுதினோமா, வங்கிக் கடன் விகிதத்தைக் காட்டும் தாள் ஒன்றை ஆவணமாகக் குறியிட்டோமா என்பதில்தான் வருகிறது.

வணிக நீதிமன்ற வழக்குகளில் இது கட்டாயமே. எந்த அடிப்படையில் வட்டி, என்ன விகிதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கணக்கிட்டது, அதுவரை மொத்தம் எவ்வளவு, அதற்குப் பின் நாள் ஒன்றுக்கு எவ்வளவு என்று வழக்குரையில் சொல்ல வேண்டும். மேலே சொன்ன கணக்கில் நாள் வட்டி 164 ரூபாய் 38 காசு. "உரிய வட்டியுடன்" என்று பொத்தாம் பொதுவாக எழுதிய வழக்குரையைத் தயவுசெய்து கையெழுத்திட்டுத் தராதீர்கள்.

தீர்ப்புக்குப் பிந்தைய வட்டி பற்றித் தீர்ப்பில் எதுவுமே சொல்லவில்லை. தானாக ஓடுமா?

ஓடாது. சொல்லாமல் விட்டால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, அதற்கென்று தனி வழக்கும் போட முடியாது. தீர்ப்பாணையின் நகல் கைக்கு வந்த அன்றே இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் மறு ஆய்வுக்கோ மேல்முறையீட்டுக்கோ நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டிக்கு வட்டி கிடைக்குமா?

வட்டிச் சட்டத்தின் கீழ் கிடையாது, அது வெளிப்படையாகவே தடுக்கிறது. வங்கிக் கடன் போல, குறிப்பிட்ட இடைவெளியில் வட்டி அசலில் சேரும் என்று ஒப்பந்தமே இருந்தால், அப்படிச் சேர்ந்ததும் அசலின் பகுதிதான் என்று 2001-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. சிறு தொழில்காரர்களுக்கு இதில் தனிச் சலுகை ஒன்று இருக்கிறது, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறேன். அதனால் என்ன லாபம்?

நிறைய. இத்தனை லாபம் இருந்தும் இதைப் பயன்படுத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தரவேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக்கூடாது. "90 நாள் கிரெடிட்" என்று ஆர்டரில் எழுதியிருந்தாலும் இந்தச் சட்டத்தின் முன் 45 தான். தேதியே பேசவில்லை என்றால் 15 நாள்.

தாண்டினால் 16-ஆம் பிரிவு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. ஒப்பந்தத்தில் "வட்டி கிடையாது" என்று எழுதியிருந்தாலும் இது பொருந்தும். 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75. மூன்று மடங்கு 20.25. அந்தக் காலத்தில் 5,00,000 ரூபாய் ஒரு வருஷம் நின்றால் வட்டி சுமார் 1,11,000. சாதாரண 12 விழுக்காட்டில் 60,000 தான் வந்திருக்கும்.

சரக்கு சரியில்லை என்று பாதிப் பேர் பின்னால் கிளப்புவார்கள். டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. ஆகவே டெலிவரி சலானில் தேதியும் முத்திரையும் கையெழுத்தும் வேண்டும். வாட்ச்மேனோ லோடு இறக்குகிறவரோ பென்சிலில் கிறுக்கியது போதாது. கேட்டில் முத்திரை குத்திய பிறகுதான் வண்டி திரும்ப வேண்டும் என்று உங்கள் டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

முறையீடு ஆன்லைனில் பதிவாகி வசூல் உதவி மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னையிலும் இது இருக்கிறது. முதலில் சமரசம், அது நடக்கவில்லை என்றால் நடுவர் தீர்ப்பு. 90 நாளில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் ஆகும் என்பதற்குத் தயாராக இருங்கள். எதிர்த் தரப்பு அந்தத் தீர்ப்பை எதிர்க்கப் போனால் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். இந்த ஒரு விதிக்காகவே பலர் உட்கார்ந்து பேச வருவார்கள்.

இரண்டு எச்சரிக்கை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு கிடைத்தாலும், அது வங்கிகள் தரும் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். இந்தத் தாமத வட்டிக்கு உதவாது. அப்புறம், சரக்கு போட்ட பின் பதிவு செய்துகொண்டு பழைய பில்களுக்கும் இந்த வட்டி கேட்டால் பெரிய சட்டச் சிக்கல் வரும். பதிவு இலவசம். அடுத்த ஆர்டர் எடுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

வாங்குகிற கம்பெனியின் ஆடிட்டரும் இதில் உங்கள் பக்கம்தான். இந்தச் சட்டம் சொல்லும் நாட்களுக்குள் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தராவிட்டால், கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் விதி சேர்ந்தது. உங்கள் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் மார்ச் மாதம் அவர்கள் தரப்பிலிருந்தே போன் வரும்.

இடையில் கொஞ்சம் பணம் கொடுத்தார். அதை அசலில் கழிப்பதா, வட்டியிலா?

"இது இந்த பில்லுக்கு" என்று கொடுக்கும்போதே அவர் குறிப்பிட்டு, நீங்களும் வாங்கிக்கொண்டால் அப்படியே வரவு வைக்க வேண்டும். எதுவும் சொல்லாமல் கொடுத்தால், பொதுவான விதி முதலில் வட்டி, மிச்சம் அசல். ஆனால் உங்கள் லெட்ஜரில் நீங்களே அசலில் வரவு வைத்து, அந்தக் கணக்கை அவருக்கு அனுப்பியும் இருந்தால், பின்னால் மாற்றிச் சொல்வது எடுபடாது. கணக்கு எழுதுகிற பிள்ளையிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் முதலில் விரிக்கப்படுவது அந்த லெட்ஜர்தான்.

செக் திரும்பி வந்துவிட்டது. வட்டி உண்டா?

செக் வைத்து சிவில் வழக்குப் போட்டால், விகிதம் எதுவும் எழுதாத நிலையில் மாற்று முறை ஆவணச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி 18 விழுக்காடு கேட்கலாம். 138-ஆம் பிரிவுக் கிரிமினல் வழக்கு வேறு பாதை. வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் புகார். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ. 2018 திருத்தத்துக்குப் பின் வழக்கு நடக்கும்போதே 20 விழுக்காடு வரை இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி உண்டு. நோட்டீசில் செக் தொகையைத் தெளிவாகத் தனியே கேளுங்கள். வட்டியையும் செலவையும் அதோடு கலந்து ஒரே தொகையாக எழுதினால் நோட்டீசே செல்லாது என்று வாதிடுவார்கள்.

"தீபாவளி போகட்டும்", "மார்ச் முடியட்டும்" என்று நாலு வருஷம் ஓடிவிட்டது. இனி வழக்குப் போடலாமா?

கால வரம்பு மூன்று வருஷம். கிரெடிட் பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து, பேசாவிட்டால் சரக்கு கொடுத்த நாளிலிருந்து. வேலை செய்து கொடுத்தது என்றால் வேலை முடிந்த நாளிலிருந்து. அந்த மூன்று வருஷத்துக்குள் அவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டிருந்தாலோ, செக்கில் ஒரு பகுதி கொடுத்திருந்தாலோ அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம். ஒவ்வொரு மார்ச் 31-க்கும் பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

"அண்ணே அடுத்த வாரம் போட்டுடறேன்" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காதீர்கள். அதை ஆதாரமாக்க பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். போனை மாற்றும்போது பழைய போனைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். ஆனாலும் அதையே நம்பி இருக்காமல் கையெழுத்து ஒன்று வாங்கிவிடுங்கள்.

எந்தக் கோர்ட்?

மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால் 2015-ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் பொருந்தும். இந்த மதிப்பில் வழக்கு நாள் வரையிலான வட்டியும் சேரும். சென்னையில் ஒரு கோடி வரை வணிக நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் வணிகப் பிரிவு. மற்ற பண வழக்குகள் பெரும்பாலும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கும் நகர சிவில் நீதிமன்றத்தில்.

வணிக வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் தவிர, முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. போடாமல் வந்த வழக்குரை நிராகரிக்கப்படும். சமரசத்துக்கு எடுத்த நாட்கள் கால வரம்பில் சேராது. தகராறை நடுவரிடம் விட வேண்டும் என்ற ஷரத்து ஆர்டரில் இருந்தால் பாதை மாறும். ஒப்பந்தம் வட்டியைத் தடுத்திருந்தால் நடுவரும் பொதுவாகத் தர முடியாது. அரசுத் துறை ஒப்பந்தங்களில் இந்த ஷரத்து அடிக்கடி ஒளிந்திருக்கும், கையெழுத்துக்கு முன் தேடிப் பாருங்கள்.

கோர்ட் கட்டணம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் பண வழக்குக்கு 3 விழுக்காடு. 2017-க்கு முன்பு 7.5 ஆக இருந்தது. மேலே சொன்ன பெட்டி வியாபாரி அசலும் வட்டியும் சேர்த்து 6,20,000 கேட்டால் 18,600 ரூபாய் கட்டுவார். பழைய விகிதத்தில் 46,500 ஆகியிருக்கும்.

வழக்கு சமரசத்தில் முடிந்தால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவின்படி முழுக் கட்டணமும் திரும்ப வரும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான். வாபஸ் வாங்கும்போது சமரசம் ஆனதை எழுத்தில் பதிவு செய்து, கட்டணம் திரும்பக் கேட்கிறோம் என்றும் மனுவில் சேருங்கள்.

ஜெயித்தால் வக்கீல் ஃபீஸ் உட்பட எல்லாச் செலவையும் எதிராளி தரவேண்டுமா?

விதி அப்படித்தான், கைக்கு வருவது அப்படி இல்லை. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைத் தரவேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவு. தரவில்லை என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். ஆனால் சாதாரண வழக்குகளில் வக்கீல் கட்டணம் 1973-ஆம் ஆண்டு வழக்கறிஞர் கட்டண விதிகளின்படிதான் கணக்கிடப்படும். நீங்கள் நிஜமாகக் கொடுத்ததில் ஒரு பகுதிதான் அதில் வரும். கோர்ட் கட்டணம் முழுதும் வரும். பொய் வாதம் செய்ததற்கான ஈட்டுச் செலவுக்கு 35-ஏ பிரிவில் 3,000 ரூபாய் உச்சவரம்பு. வருஷக்கணக்கில் ஒருவரை அலைய வைத்ததற்கு 3,000 ரூபாய் என்பதை எந்தக் காலத்திலும் என்னால் நியாயம் என்று ஏற்க முடிந்ததில்லை.

வணிக வழக்குகளில் நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது. அங்கே அந்த 3,000 வரம்பு இல்லை. நியாயமான சட்டச் செலவு, சாட்சிச் செலவு எல்லாம் கேட்கலாம். செலவுத் தொகைக்கே வட்டி தரவும் அதிகாரம் உண்டு. யார் எப்படி நடந்துகொண்டார்கள், நியாயமான சமரச யோசனையை யார் காரணமில்லாமல் தள்ளினார்கள் என்பதையும் நீதிபதி பார்ப்பார். ஆகவே நீங்கள் "இவ்வளவு தந்தால் முடித்துக்கொள்கிறேன்" என்று எழுதியது, அவர் பதில் தராதது எல்லாம் கோப்பில் இருக்கட்டும். வக்கீலுக்குக் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். செலவுப் பட்டியலும் கட்டணச் சான்றும் உரிய நேரத்தில் தாக்கலாக வேண்டும். தாக்கலாகவில்லை என்றால், செலவுத்தொகையுடன் தீர்ப்பு வந்தும் தீர்ப்பாணையில் செலவுக் கட்டம் காலியாகவே இருக்கும்.

நான் பணம் தரவேண்டிய பக்கம். தொகையில் தகராறு இருக்கிறது. வட்டி ஏறாமல் எப்படித் தடுப்பது?

ஒப்புக்கொள்ளும் தொகையை உடனே கொடுத்துவிடுங்கள். வழக்கு வந்துவிட்டால் அதை நீதிமன்றத்தில் வைப்பாகக் கட்டி எதிர்த் தரப்புக்கு அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து அந்தத் தொகைக்கு வட்டி நிற்கும். ஐந்து லட்சத்தில் ஒரு லட்சத்துக்குத்தான் தகராறு என்றால், மீதி நாலு லட்சத்தையும் பிடித்து வைத்திருப்பதில் உங்களுக்கும் நஷ்டம்தான்.

வரும் வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டா?

தாமதத்துக்காக வாங்கும் வட்டியும் சரக்கு மதிப்பில் சேரும் என்பது ஜிஎஸ்டி சட்டம் 15-ஆம் பிரிவு. வட்டி கைக்கு வரும்போது ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தீர்ப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்னும் ஒரு பைசா வரவில்லை.

தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு போட உங்களுக்கு 12 வருஷம் இருக்கிறது, ஆனால் காத்திருக்காதீர்கள். அவருடைய சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தரச் சொல்லிக் கேட்கலாம். வங்கிக் கணக்கை ஜப்தி செய்யலாம். அவருக்கு வேறு யாராவது தரவேண்டிய பணத்தையும் பிடிக்கலாம். பழைய செக் ஒன்றின் நகல் இருந்தால் அதிலேயே அவர் வங்கியும் கணக்கு எண்ணும் இருக்கும். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு வாய்தாவிலும் இதை நினைவூட்டச் சொல்லுங்கள். மனுவில் அன்றைய தேதி வரையிலான வட்டியைக் கணக்கிட்டுப் போடுங்கள். அவர் மேல்முறையீட்டுக்குப் போய்த் தடை கேட்டால், தொகையை வைப்பாகக் கட்டச் சொல்லி உத்தரவு கேளுங்கள்.

முதல் முறை வக்கீலைப் பார்க்க வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பர்ச்சேஸ் ஆர்டர், பில், முத்திரையுள்ள சலான், இ-வே பில், லெட்ஜர், வங்கிக் கணக்கு அறிக்கை, உத்யம் சான்றிதழ், திரும்பி வந்த செக் இருந்தால் மெமோவோடு. தேதி வாரியாக அடுக்கி வந்தால் பாதி வேலை முடிந்தது. அதோடு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி வாருங்கள்: மொத்தம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரவேண்டியது, கடைசியாக எப்போது எவ்வளவு கொடுத்தார், நீங்கள் அந்தப் பணத்துக்காக வெளியே என்ன வட்டி கட்டினீர்கள். நான்காவது வரியை யாரும் எழுதி வருவதில்லை. நான் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.